5432 காலியாகத்தான் இருக்கிறது, ஆனாலும் டேட்டாபேஸ் ஏறவில்லை: ஏன்?

கேள்வி சுருக்கமாக இதுதான். வாசகர் ஒருவர் விண்டோஸ் மடிக்கணினியில் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸைப் போட்டிருக்கிறார். சில நாள் ஒழுங்காக ஓடுகிறது. சில நாள் ரீஸ்டார்ட் ஆனதும் சர்வீஸ் ஏற மறுக்கிறது. லாகைத் திறந்தால் 5432 போர்ட்டை (இணைப்புகளுக்காக டேட்டாபேஸ் காத்திருக்கும் எண்ணை) பைண்ட் செய்ய, அதாவது தனக்கென எடுத்துக்கொள்ள, முடியவில்லை, ‘பெர்மிஷன் டினைட்’ என்று இருக்கிறது. எந்தப் போர்ட்டில் யார் என்று காட்டும் நெட்ஸ்டாட்டில் தேடினால் 5432-இல் யாருமே இல்லை. இரண்டு முறை முழுவதும் அழித்து மறுபடி இன்ஸ்டால் செய்தாகிவிட்டது, பலன் இல்லை. அதே கணினியில், நிரல்களைக் கன்டெய்னர் என்ற தனிப் பெட்டிகளில் ஓட்டும் டாக்கரும் உண்டு. விண்டோஸின் ஏதாவது சர்வீஸ் போர்ட்டைப் பிடித்துக்கொள்கிறதா, பேசாமல் 5433-க்கு மாறிவிடலாமா என்று கேட்கிறார்.

பிடித்துக்கொள்வது விண்டோஸ்தான். ஆனால் நெட்ஸ்டாட்டில் தெரிகிற விதத்தில் இல்லை. மூன்றாவது முறை இன்ஸ்டால் செய்யாதீர்கள். போஸ்ட்கிரெஸ் மேல் ஒரு குற்றமும் கிடையாது. 5433 பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் அந்தப் பிழைச் செய்தியைச் சொல்லுக்குச் சொல் படியுங்கள். இந்தத் துறையில் பாதிப் பேர் ‘பைண்ட் ஆகவில்லை’ என்பது வரை படித்துவிட்டு, மீதியைத் தேடுபொறியிடம் விட்டுவிடுகிறார்கள். நோயின் பெயரே அந்த மீதியில்தான் இருக்கிறது. ‘அட்ரஸ் ஆல்ரெடி இன் யூஸ்’ என்றால் அந்த எண்ணில் இன்னொரு செயல்முறை உட்கார்ந்திருக்கிறது. ‘பெர்மிஷன் டினைட்’ என்றால் இடம் காலியாக இருக்கலாம், ஆனால் உங்களுக்குத் தரமாட்டேன் என்று இயங்குதளம் சொல்கிறது. இரண்டுக்கும் மருந்து வேறு. எண்ணாக வந்தால் விண்டோஸில் முன்னது 10048, பின்னது 10013. லினக்ஸில் 98, 13. மேக்கில் 48, 13. எஸ்க்யூஎல் சர்வர் மட்டும் இதைப் பதினாறடிமானத்தில் எழுதி வைத்துக் குழப்பும்: அதன் லாகில் 2740 என்று முடிந்தால் அது 10048, 271டி என்று முடிந்தால் 10013. அந்தப் பதினாறடிமான எண்ணை அப்படியே தேடுபொறியில் போட்டு, சம்பந்தமில்லாத பத்துப் பதில்களைப் படித்து நானும் ஒரு மாலைப் பொழுதை வீணாக்கியிருக்கிறேன்.

போர்ட் என்பது 16 பிட் எண், 0 முதல் 65535 வரை. 5432 போஸ்ட்கிரெஸின் சொத்து என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். எண்களைப் பதிந்து வைக்கும் ஐயானா பட்டியலில் அது போஸ்ட்கிரெஸ் பெயரில் இருப்பது உண்மைதான். ஆனால் அதே பட்டியலில் 1521 எந்தப் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள்: ஆரக்கிள் இல்லை, என்க்யூப் என்ற வேறொரு தயாரிப்பின் லைசென்ஸ் மேனேஜர். ஆரக்கிள் பெயரில் பதிவானவை 2483, 2484. உலகமே 1521-இல் ஆரக்கிளை ஓட்டிக்கொண்டிருக்கிறது, யாரும் கேட்கவில்லை. காரணம், பைண்ட் செய்யும் நேரத்தில் இயங்குதளம் எந்தப் பதிவேட்டையும் திறந்து பார்ப்பதில்லை. முதலில் வந்து கேட்டவருக்கு எண் கிடைக்கும். ரீஸ்டார்ட் ஆகும்போது டேட்டாபேஸும் பிற சர்வீஸ்களும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் எழுகின்றன. அன்றைக்கு யார் முந்தினார்களோ அவர்களுக்கு. ‘சில நாள் ஓடுகிறது, சில நாள் ஓடவில்லை’ என்று நீங்கள் சொன்னதும் எனக்கு இந்தப் பக்கம்தான் சந்தேகம் போயிற்று.

சரி, உங்கள் கணினிக்கு வருவோம். டாக்கர், டபிள்யூஎஸ்எல் 2 (விண்டோஸுக்குள் லினக்ஸ்), ஹைப்பர்-வி (விண்டோஸின் மெய்நிகர் இயந்திர வசதி) மூன்றில் எது இருந்தாலும் பின்னணியில் வின்நாட் என்ற சர்வீஸ் ஓடும். மெய்நிகர் இயந்திரங்களுக்கு முகவரி மாற்றித் தருவது அதன் வேலை. அந்த வேலைக்காகக் கணினி எழும்போதே போர்ட் எண்களை விண்டோஸ் மொத்தமாக முன்பதிவு செய்து வைக்கிறது. பெரும்பாலும் 100, 100 எண்களாக. முன்பதிவு மட்டும்தான், யாரும் அங்கே காது கொடுத்து உட்கார்ந்திருப்பதில்லை. அதனால்தான் நெட்ஸ்டாட்டில் எதுவும் தெரியவில்லை. திரையரங்கில் காலியாகத் தெரியும் நாற்காலிகள் எல்லாம் டிக்கெட் விற்றுப்போனவை என்பது போல. இந்தக் கட்டளை அந்தப் பட்டியலைக் காட்டும்:

நெட்ஷ் இன்டர்ஃபேஸ் ஐபிவி4 ஷோ எக்ஸ்க்ளூடட்போர்ட்ரேஞ்ச் ப்ரோட்டோகால்=டிசிபி

தொடக்க எண், முடிவு எண் என்று இரண்டு பத்தி வரும். 5432 ஏதாவது ஒரு வரிக்குள் விழுகிறதா பாருங்கள். டேட்டாபேஸ் ஏறாத நாளில் பார்க்க வேண்டும் என்பது முக்கியம். ஏறிய நாளில் அந்த வரி வேறு இடத்தில் இருக்கும். சில வரிகளின் ஓரத்தில் நட்சத்திரக் குறி இருக்கும். அவை நிர்வாகி கைப்பட ஒதுக்கியவை. அந்த எண்ணைப் பெயர் சொல்லிக் கேட்கும் நிரலுக்கு விண்டோஸ் அதைத் தந்துவிடும். குறி இல்லாதவைதான் உங்களைத் தடுப்பவை.

இங்கே நியாயமான ஒரு கேள்வி எழ வேண்டும்: வின்நாட் ஏன் 5432 பக்கம் வரை வருகிறது? விஸ்டாவிலிருந்து விண்டோஸின் தற்காலிக எண்களின் (வெளியே போகும் இணைப்புகளுக்குத் தானாக எடுத்துக்கொள்ளும் எண்களின்) எல்லை 49152-இல் தொடங்கி 65535-இல் முடிகிறது. மொத்தம் 16384 எண்கள். முன்பதிவும் அதற்குள்ளேயேதான் நடக்க வேண்டும். ஆனால் பல கணினிகளில் இந்த எல்லையின் தொடக்கம் எப்படியோ 1024 என்று மாறிக் கிடக்கிறது. மாற்றியது ஒரு பழைய நிரலாகவும் இருக்கலாம், யாரோ சொன்ன ‘நெட்வொர்க்கை வேகமாக்கும்’ குறிப்பாகவும் இருக்கலாம். தொடக்கம் 1024 என்றால் 1433, 1521, 3306, 5432 எல்லாமே அந்த வலைக்குள் வந்துவிடும். ‘நெட்ஷ் இன்ட் ஐபிவி4 ஷோ டைனமிக்போர்ட் டிசிபி’ என்று கேட்டுப் பாருங்கள். 49152 வரவில்லையென்றால் நிர்வாகி உரிமையோடு திறந்த சாளரத்தில்:

நெட்ஷ் இன்ட் ஐபிவி4 செட் டைனமிக்போர்ட் டிசிபி ஸ்டார்ட்=49152 நம்=16384

ஐபிவி6-க்கும் இதையே ஒருமுறை கொடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். மூல காரணம் இதுவாக இருந்தால் பிரச்சினை இத்தோடு முடிந்துவிடும்.

இன்றைக்கே டேட்டாபேஸ் ஏறியாக வேண்டும், எல்லையை மாற்றி ரீஸ்டார்ட் செய்ய இப்போது முடியாது என்றால் வேறு வழி, இதற்கும் நிர்வாகி உரிமை வேண்டும்: நட்சத்திரக் குறி போட்டு அந்த ஒரு எண்ணை நீங்களே முந்திக்கொள்வது. வின்நாட்டை நிறுத்தி, எண்ணை ஒதுக்கி, மறுபடி எழுப்ப வேண்டும்.

நெட் ஸ்டாப் வின்நாட்
நெட்ஷ் இன்ட் ஐபிவி4 ஆட் எக்ஸ்க்ளூடட்போர்ட்ரேஞ்ச் ப்ரோட்டோகால்=டிசிபி ஸ்டார்ட்போர்ட்=5432 நம்பர்ஆஃப்போர்ட்ஸ்=1
நெட் ஸ்டார்ட் வின்நாட்

நடுவே ஓடும் கன்டெய்னர்களின் இணைப்பு அறுந்துபோகலாம், அவற்றை முதலில் நிறுத்திவிடுங்கள். இந்த ஒதுக்கீடு ரீஸ்டார்ட்டுக்குப் பிறகும் நிற்கும். முதல் வரியையும் மூன்றாவது வரியையும் மட்டும் ஓட்டினாலும் அன்றைக்குச் சரியாகிவிடும். பலர் அதோடு விட்டுவிட்டு அடுத்த வாரம் திரும்பி வருகிறார்கள்.

உங்களுக்கு வந்தது 10013. இதே கேள்வியோடு வருகிறவர்களில் பலருக்கு வந்திருப்பது 10048 அல்லது அதன் லினக்ஸ், மேக் உறவினர். அங்கே எண்ணில் நிஜமாகவே ஒருவர் இருக்கிறார். நெட்ஸ்டாட்டைச் செயல்முறை எண்ணோடு காட்டச் சொன்னால் விண்டோஸில் ஆள் தெரியும். லினக்ஸில் எஸ்எஸ், மேக்கில் எல்எஸ்ஓஎஃப். லினக்ஸிலும் மேக்கிலும் சூடோ போட்டு, அதாவது நிர்வாகி உரிமையோடு, ஓட்டுங்கள், இல்லாவிட்டால் பிற பயனர்களின் செயல்முறைப் பெயர் மறைந்திருக்கும். பெரும்பாலான நேரம் அங்கே இருப்பது அதே டேட்டாபேஸின் இன்னொரு பிரதிதான்: நிறுத்தியதாக நினைத்து நிற்காத பழையது, அல்லது பதிப்பு ஏற்றியபோது விட்டுப்போனது. இதில் சொல்ல ஒன்றுமில்லை, பழையதை முறைப்படி நிறுத்துங்கள். வலுக்கட்டாயமாகக் கொல்லாதீர்கள், எழுதிக்கொண்டிருந்த டேட்டாபேஸைக் கொன்றால் அடுத்த முறை எழும்போது லாகை மீட்டு ஓட்டிவிட்டுத்தான் கதவைத் திறக்கும்.

சுவாரசியமானது இயங்குதளமே எதிர்ப்படும் இடங்கள்தான். மேக்கில் மான்டெரே பதிப்பு வந்ததிலிருந்து, பிற சாதனங்களின் படம், ஒலியை வாங்கிக் காட்டும் ஏர்ப்ளே ரிசீவர் 5000, 7000 இரண்டிலும் உட்காருகிறது. காசாண்ட்ரா டேட்டாபேஸ் தன் கணுக்களுக்குள் பேசிக்கொள்ள வைத்திருக்கும் எண் 7000. எல்எஸ்ஓஎஃப் ‘கன்ட்ரோல் சென்டர்’ என்று காட்டும். அதைக் கொன்றால் அடுத்த நொடியே மறுபடி எழும். அமைப்புகளில் ஏர்ப்ளே ரிசீவரை அணைப்பது ஒன்றே வழி, அல்லது காசாண்ட்ராவின் ஸ்டோரேஜ் போர்ட்டை மாற்ற வேண்டும்.

லினக்ஸில் எனக்குப் பிடித்த உதாரணம் 9090. நேரத்தொடர் டேட்டாபேஸான ப்ரோமிதியஸின் எண் அது. ரெட் ஹேட் குடும்பத்து சர்வர்களில் வரும் காக்பிட் என்ற நிர்வாகப் பக்கத்தின் எண்ணும் அதுதான். யார் பிடித்திருக்கிறார்கள் என்று கேட்டால் ‘சிஸ்டம்டி, செயல்முறை எண் 1’ என்று பதில் வரும். எண் 1-ஐக் கொல்ல முடியாதே என்று திகைக்க வேண்டாம். காக்பிட் இன்னும் ஓடவே இல்லை. யாராவது கதவைத் தட்டினால் எழுப்பலாம் என்று, சர்வீஸ்களை எழுப்பி நிர்வகிக்கும் சிஸ்டம்டி அதன் சாக்கெட்டை (இணைப்பு வந்து சேரும் முனையை) மட்டும் கையில் வைத்திருக்கிறது. ஆகவே காக்பிட் சர்வீஸை நிறுத்தினால் போதாது, காக்பிட் சாக்கெட் யூனிட்டை நிறுத்தி முடக்க வேண்டும்.

விண்டோஸில் இதே முகமூடி செயல்முறை எண் 4. அது ‘சிஸ்டம்’, உண்மையில் உள்ளே இருப்பது எச்டிடிபி.சிஸ் என்ற டிரைவர். பல சர்வீஸ்கள் தங்கள் வலைவாசலை அதனிடம் ஒப்படைத்துவிடுகின்றன. கவுச்டிபி டேட்டாபேஸின் 2 வரிசை தன் உள்வேலைக்கு 5986 வைத்திருந்தது. விண்டோஸின் தொலைநிர்வாகமான வின்ஆர்எம், எச்டிடிபிஎஸ்ஸில் அமைத்தால் அதே 5986. கவுச்டிபி 3-இல் அந்த எண்ணையே எடுத்துவிட்டார்கள். எண் 4-க்குப் பின்னால் யார் என்று அறிய ‘நெட்ஷ் எச்டிடிபி ஷோ சர்வீஸ்ஸ்டேட்’ உதவும்.

டேட்டாபேஸே குற்றவாளியாக இருப்பதும் உண்டு. ஆரக்கிளின் இலவசப் பதிப்பான எக்ஸ்இ, 10ஜி, 11ஜி காலத்தில் போட்ட உடனே 8080-ஐயும் எடுத்துக்கொள்ளும். 8080-இல் ஓடும் டாம்கேட் வலை சர்வர் ஏறவில்லை என்று புலம்புகிறவர், கொஞ்ச நாள் முன்பு டேட்டாபேஸ் போட்டதை நினைத்துக்கூடப் பார்ப்பதில்லை. எண்ணைப் பிடித்திருப்பது ஆரக்கிளின் லிசனர். டிபிஎம்எஸ்_எக்ஸ்டிபி என்ற தொகுப்பில் இருக்கும் செட்எச்டிடிபிபோர்ட்டுக்கு வேறு எண் கொடுத்தால் நகர்ந்துவிடும். 0 கொடுத்தால் அந்த வலைவாசலே மூடிக்கொள்ளும்.

அப்புறம், யாரும் எதிர்பார்க்காத வகை ஒன்று இருக்கிறது. எண்ணைப் பிடித்திருப்பது சர்வீஸே இல்லை. வெளியே போகும் ஒரு சாதாரண இணைப்பு. உங்கள் கணினி எந்த சர்வரோடு பேசினாலும் தன் பக்கத்துக்கு ஒரு தற்காலிக எண்ணை எடுத்துக்கொள்கிறது. விண்டோஸ் எக்ஸ்பி, 2003 காலத்தில் அந்தத் தற்காலிக எல்லை 1025 முதல் 5000 வரை. எஸ்க்யூஎல் சர்வரின் 1433, ஆரக்கிளின் 1521, மைஎஸ்க்யூஎலின் 3306 எல்லாமே அதற்குள். அந்தக் காலத்து சர்வர்களில் டேட்டாபேஸ் காரணமே இல்லாமல் ஒருநாள் மட்டும் ஏறாமல் போனதற்குப் பின்னால் இது அடிக்கடி இருந்தது. ரெஜிஸ்ட்ரியில் ‘ரிசர்வ்ட்போர்ட்ஸ்’ என்று எழுதி வைக்க வேண்டியிருந்தது.

அது பழங்கதை என்று நினைத்தால், லினக்ஸில் இன்றும் நடக்கிறது. அங்கே தற்காலிக எல்லை 32768 முதல் 60999 வரை. மைஎஸ்க்யூஎல் 8 தன் எக்ஸ் ப்ரோட்டோகாலுக்கு எடுத்திருக்கும் எண் 33060. குழுநகலாக்கத்துக்கு ஆவணங்களில் வழக்கமாகக் காட்டும் எண் 33061. இரண்டும் எல்லைக்கு உள்ளேயே! டிபி2-க்குப் பல காலமாக வழங்கிவரும் 50000-உம் அப்படியே. இன்னொரு வேடிக்கை: இன்றைய லினக்ஸ் கெர்னல்கள் (இயங்குதளத்தின் மையப்பகுதி) வெளியே போகும் இணைப்புக்கு இரட்டைப்படை எண்களை முதலில் முயல்கின்றன, ஆகவே 33061-ஐவிட 33060-க்குத்தான் ஆபத்து அதிகம். மாட்டிக்கொண்டால் மைஎஸ்க்யூஎல் ஏறிவிடும், எக்ஸ் பிளகின் மட்டும் லாகில் ஒரு வரி எழுதிவிட்டு ஒதுங்கிவிடும். அந்த வரியை யாரும் படிப்பதில்லை. தேடும்போது கேட்டுக்கொண்டிருக்கும் சாக்கெட்டுகளை மட்டும் காட்டச் சொன்னால் எதுவும் கிடைக்காது. எல்லா நிலைகளையும் காட்டச் சொல்லுங்கள்.

ஆரக்கிளுக்காக லினக்ஸைத் தயார் செய்யும் வழிமுறைகள் இந்த எல்லையை 9000 முதல் 65500 வரை விரிக்கச் சொல்கின்றன. ஆரக்கிளுக்கு அது நல்லது. அதே கணினியில் மாங்கோடிபியின் 27017-உம் காசாண்ட்ராவின் 9042-உம் இருந்தால் அவை இப்போது குலுக்கல் சீட்டுக்குள் வந்துவிட்டன. மருந்து எளிது: ‘நெட்.ஐபிவி4.ஐபி_லோக்கல்_ரிசர்வ்ட்_போர்ட்ஸ்’ என்ற கெர்னல் அமைப்பில் உங்கள் டேட்டாபேஸ் எண்களைக் காற்புள்ளியிட்டு எழுதிவிட்டால், தானாக எடுக்கும்போது கெர்னல் அவற்றைத் தொடாது. பெயர் சொல்லிக் கேட்கும் டேட்டாபேஸுக்குத் தடையில்லை. டேட்டாபேஸ் சர்வரை முதன்முதலாக அமைக்கும் நாளிலேயே இதை எழுதிவிட வேண்டும் என்பது என் கட்சி.

இதுவரை சொன்னதெல்லாம் சத்தம் போடும் மோதல்கள். நான் பயப்படுவது சத்தம் போடாததற்கு. மேக்கில் ஒருவர் 127.0.0.1:5432-இலும் இன்னொருவர் 0.0.0.0:5432-இலும், அதாவது எல்லா முகவரிகளிலும், ஒரே நேரத்தில் உட்கார முடியும். இருவரும் முறையாக ஏறிவிடுவார்கள், பிழையே வராது. ஹோம்ப்ரூ என்ற மேக் நிறுவல் கருவியில் போட்ட போஸ்ட்கிரெஸ் முதல் முகவரியில், டாக்கருக்குள் இருப்பது இரண்டாவதில். நீங்கள் லோக்கல்ஹோஸ்ட் என்று கூப்பிட்டால் குறிப்பான முகவரி வைத்திருப்பவர்தான் பதில் சொல்வார். கன்டெய்னரில் நீங்கள் உருவாக்கிய பயனர் அவருக்குத் தெரியாது. ‘ரோல் டஸ் நாட் எக்ஸிஸ்ட்’ என்பார். உடன் வேலை செய்த ஒருவர் கடவுச்சொல்லை ஆறு முறை மாற்றி, கன்டெய்னரைப் பலமுறை அழித்துக் கட்டினார். சரியான வீட்டுக் கதவைத்தான் தட்டுகிறோமா என்று ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. நாற்பது நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கும் அது தோன்றவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இந்தச் சந்தேகம் வந்தால் டேட்டாபேஸையே கேளுங்கள். போஸ்ட்கிரெஸில் ‘ஷோ டேட்டா_டைரக்டரி’, மைஎஸ்க்யூஎலில் ‘டேட்டாடிர்’ மாறி: கோப்புகள் எங்கே இருக்கின்றன என்று சொல்லிவிடும், எந்தப் பிரதி பேசுகிறது என்பது அதிலேயே தெரிந்துவிடும். மைஎஸ்க்யூஎலில் இன்னொரு பொறி. லினக்ஸிலும் மேக்கிலும் லோக்கல்ஹோஸ்ட் என்று கொடுத்தால் அதன் கட்டளைவரி நிரல் போர்ட்டுக்கே போகாது. யூனிக்ஸ் சாக்கெட் கோப்பு வழியாகப் போய்விடும். 3307 என்று எண் கொடுத்திருந்தாலும் சட்டை செய்யாது. 127.0.0.1 என்று எழுதுங்கள்.

சரி, 5433. மாற்றக்கூடாது என்றில்லை, காரணம் தெரியும் முன்பு மாற்றாதீர்கள். உங்கள் கணினியில் தற்காலிக எல்லையின் தொடக்கம் 1024 என்றால் 5433-உம் அதே வலைக்குள்தான் இருக்கிறது. 5432-ஐப் பிடித்த 100 எண் தொகுதி பெரும்பாலும் பக்கத்து எண்ணையும் சேர்த்தே பிடித்திருக்கும். எண் மாறினால் அப்ளிகேஷன், காப்பு எடுக்கும் ஸ்கிரிப்ட், ஃபயர்வால் விதி என்று மாற்ற வேண்டிய இடங்களும் கூடும். எஸ்இலினக்ஸ் என்ற கூடுதல் பாதுகாப்பு அடுக்கு ஓடும் லினக்ஸ் கணினியில் டேட்டாபேஸுக்கு அனுமதித்த எண்களின் பட்டியலில் புதியதையும் சேர்க்க வேண்டும். மறந்தால் மறுபடி ‘பெர்மிஷன் டினைட்’, வேறு காரணத்தோடு. உங்களைக் கேட்காமலே மாறுவதும் உண்டு: டெபியன் வகைகளில் புதிய போஸ்ட்கிரெஸ் பதிப்பு ஏறும்போது 5432-இல் பழையது இருந்தால் அது பேசாமல் 5433-க்குப் போய்விடும். ‘பிஜி_எல்எஸ்கிளஸ்டர்ஸ்’ ஓட்டினால் எது எங்கே என்று தெரியும்.

ஒரே கணினியில் இரண்டு பிரதிகள் நிரந்தரமாக ஓட வேண்டும் என்றால் மாற்றியே ஆக வேண்டும். அப்போது 1024-க்கு மேல், 32768-க்குக் கீழ் ஒரு எண்ணை எடுங்கள். முன்பதிவுப் பட்டியலிலும், எண்களையும் சர்வீஸ் பெயர்களையும் எழுதி வைத்திருக்கும் சர்வீசஸ் கோப்பிலும் அது இல்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லையை 49152-க்குத் திருப்பி, ரீஸ்டார்ட் செய்து, அதன் பிறகும் ஏறவில்லையென்றால் ஏறாத அந்த நேரத்திலேயே மூன்றை எடுத்து வைத்துக்கொண்டு வாருங்கள்: போஸ்ட்கிரெஸ் லாகின் கடைசி இருபது வரிகள், முன்பதிவுப் பட்டியல் முழுவதும், செயல்முறை எண்ணோடு நெட்ஸ்டாட். ரீஸ்டார்ட் செய்த பிறகு எடுத்ததை அனுப்பாதீர்கள், அதில் பட்டியல் மாறியிருக்கும்.